மாமியைச் சாகடித்த தொலைபேசி அழைப்பு!

என் கணவரின் அம்மா எங்களோடு சிட்னியின் செவன் ஹில்ஸில் இருக்கிறார். காலமான மாமா ஆங்கிலேயர் காலத்து மலாயாவில் அரசு எழுதுவினைஞர், அதாவது கிளார்க். அவர் சம்பளத்தில் பிடித்துச் சேர்த்த குடும்ப ஓய்வூதிய நிதியிலிருந்துதான் மாமிக்கு இன்றும் பென்ஷன் வருகிறது. அவரது கைச்செலவுக்கு அது ஒன்றுதான்.

சென்ற மாதம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அந்த நிதியை அங்குள்ள அரசாங்கமே பொறுப்பேற்றுவிட்டதாம். மாமி உயிரோடு இருக்கிறாரா என்று அறிய வேண்டுமாம். மோசடிக்காரன்தான் என்று எனக்குக் கோபம் பொங்கியது. "ஷீ இஸ் நோ மோர்!" என்று சொல்லித் துண்டித்துவிட்டேன்.

பின்னால் நின்ற மாமி, "என்ன பிள்ளை, ஆரைச் சாக்காட்டிப் போட்டாய்?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயோ, அது உண்மையாயிருந்தா? கெதியா கந்தோருக்கு அடிச்சுக் கேள்!"

எங்களிடமிருந்த பென்ஷன் அலுவலக எண்ணை உடனே அழுத்தினேன். செய்தி உண்மை! மாமியின் பென்ஷனை நிறுத்தவே தொடங்கியிருந்தார்கள். மாமியை உடனே வீடியோவில் வரச் சொன்னார்கள். திரையில் அதிகாரியைக் கண்டதும் மாமி கடகடவென்று மலாய் மொழியில் பொரிந்து தள்ளினார்! மாமாவோடு அங்கே வாழ்ந்தபோது கற்றதாம்; நாங்கள் ஒருநாளும் கண்டிராத மாமி! இறந்தவர் இப்படிப் பேசுகிறாரே என்று அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். பென்ஷன் தப்பியது!

தெரியாத அழைப்புகளுக்கு இப்போதும் விவரம் எதுவும் கொடுப்பதில்லை. ஆனால் பொய்யும் சொல்வதில்லை. வைத்துவிட்டு, அலுவலகத்தை நானே அழைத்துக் கேட்கிறேன். மலாயாவிலிருந்து என்றால், பேசுவது மாமிதான்!

- ஒரு வாசகி, சிட்னி