பின்பாதி இல்லாத கார்

ஓலாந்துத் தீவின் கார் அருங்காட்சியகத்தில் ஒரு கார் மட்டும் பின்பாதி இல்லாமல் நின்றது. குன்போரி அதைக் காட்சிக்கு இரவல் கொடுத்திருந்தாள். சாவி அவளிடம்.

அறுத்தது அவள்தான், பதினேழு வயதில். வீட்டின் உழவுக் குதிரை செத்த வருடம். ஓலாந்தில் அப்போது பலரும் பழைய காரின் பின்பக்கத்தை அறுத்துவிட்டுப் பலகைத் தட்டு பொருத்தி டிராக்டராக்கிக்கொண்டார்கள். இவள் அறுத்தது அப்பா பெருமைப்பட்ட அமெரிக்கக் கார். அவர் அறுவடை வரை அவளோடு பேசவில்லை. அறுவடை அதில்தான் வீடு வந்தது.

கோடைத் திறப்பு நாளில் அருங்காட்சியகத்தை நடத்தும் சங்கத்தின் தலைவர் சிக்ஸ்டன் சிரித்துக்கொண்டே வந்தார். அவளோடு ஒரே வகுப்பில் படித்தவர்.

"இதே மாடல் காரோட பின்பாதி அக்கரையில கிடைச்சிருச்சு, குன்போரி. திங்கக்கிழமை ஒட்டிடலாம். முழுசாயிடும்."

"யாரைக் கேட்டு?"

"கசாப்புக்கடையில தொங்குற மாதிரி இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க."

"கசாப்பு போட்டவ நான். உன் முழுக்கார்ல ஒண்ணாவது ஒரு மூட்டை உருளைக்கிழங்கு சுமந்திருக்கா?"

"ஓடாத வண்டிக்கு இவ்வளவு வாயா!"

அவள் அருங்காட்சியகக் கொட்டகையின் கதவைத் திறந்தாள். மூன்றாவது முறை எஞ்சின் இருமிக் கிளம்பியது. அனுமதிச்சீட்டுக்கு நின்றவர்களைப் பார்த்துக் கத்தினாள்.

"கலங்கரை விளக்கம் பாக்கணுமா? ஏறுங்க!"

"தட்டுல ஆள் ஏத்தக் கூடாது, போலீஸ் பிடிக்கும்!" என்றார் சிக்ஸ்டன்.

"அவனுக்கும் இடம் இருக்கு."

ஏறிவிட்டார்கள். காற்றாலைகளையும் கல்வேலிகளையும் தாண்டித் தெற்கே போகும் ஒற்றைச் சாலையில் டிராக்டர் வேகத்தில் ஊர்ந்தாள். பின்னால் வண்டிகள் சேர்ந்துகொண்டே போயின. யாரும் ஹார்ன் அடிக்கவில்லை, சிக்ஸ்டனைத் தவிர. மெருகேற்றிய தன் பழங்காரில் துரத்தி வந்தவர் அவர். குன்போரி கையை மட்டும் ஆட்டினாள்.

கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் அவர் கார் ஆவி கக்கி நின்றது. ஊர்ந்து வந்ததில் எஞ்சின் கொதித்துவிட்டது.

ஏறி வந்தவர்களைக் கலங்கரை விளக்கத்தடியில் இறக்கிப் பார்க்கவிட்டாள். திரும்பும்போது அவர் கார் முன்னால் நிறுத்திக் கயிற்றை எடுத்துப் போட்டாள்.

"கட்டு."

சிக்ஸ்டன் கட்டினார். வழி நெடுக ஆட்டுக்காரர்கள் நின்று பார்த்தார்கள். தட்டில் இருந்தவர்கள் அவரைப் படம் எடுத்தார்கள்.

கொட்டகை வாசலில் இறங்கியதும் அவரே ஆரம்பித்தார். "திங்கக்கிழமை ஒட்ட வர்றவன் என் வண்டியைப் பாக்கட்டும்."

"என் வண்டிகிட்ட வந்தான்னா?"

"வர மாட்டான்."

அவள் டிராக்டரைப் பழைய மூலையில் நிறுத்தவில்லை. கூடத்தின் நடுவில் நிறுத்தினாள். சக்கரத்துச் சேற்றைத் துடைக்க யாரையும் விடவில்லை.