பஞ்சோடு வந்த இலை

சாம்பல் நிறக் கல்லில் அந்த இலை கறுப்பாகப் படிந்திருந்தது. விரல் நீளம்தான். விளிம்பில் இடப்பக்கம் எட்டுப் பற்கள், வலப்பக்கம் ஒன்பது. நரம்புகளை மூன்று முறை எண்ணினேன். மூன்று கணக்கு வந்தது. அதுவே அதன் அடையாளம் என்றார் அத்தான், என் அக்காள் கணவர். பூக்கும் செடிகள் உலகில் புதிதாகத் தோன்றிய காலத்து இலை அது. நரம்புகள் இன்றைய இலைகளில் இருப்பதுபோலச் சீராகப் பிரியாமல், இடைவெளி தப்பிக் கிளைத்து, விளிம்பை எட்டுமுன் வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். இந்த வயதிலும் கையில் கிடைக்கும் இலையை எண்ணுகிறேன். கணக்குச் சரியாக வந்தால் எரிச்சலாக இருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். கல்லூரியில் தாவரவியல் கற்பித்த அத்தான், மலாயாவின் பகாங்கில் சாலைக்காக மலையை வெட்டிய இடத்திலிருந்து அதைக் கொண்டுவந்தார். தெரிந்த எந்தப் பேரினத்திலும் அது அடங்கவில்லை. புதுப் பேரினம் என்று விவரித்து எழுதினார். சிங்கப்பூர் சிராங்கூன் சாலை மாடிவீட்டில் மாலைதோறும் நான் படம் வரைந்தேன்.

"அந்த இலையில ஒரு இட்லியாவது வைக்க முடியுமா லா?" என்பாள் அக்காள்.

"உன் இட்லிய வச்சா எது கல்லுன்னு தெரியாது" என்பேன் நான்.

லண்டன் ஆய்விதழ், படம் போதாது, இலையையே அனுப்புங்கள் என்றது. எந்த இலையைக் காட்டிப் பேரினம் என்கிறோமோ அது இருந்தாக வேண்டும்.

அத்தான் காலமெல்லாம் உலர்ந்த இலைகளோடு பழகியவர். இந்த ஊர் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்காதிருக்க அவற்றுக்கு மருந்து பூசிய கை, கப்பலேறப்போகும் கல்லுக்கும் வார்னிஷ் பூசியது. டிசம்பர் மழை. தொட்டால் காய்ந்ததுபோலத்தான் இருந்தது. பஞ்சில் பொதிந்து பெட்டியில் வைத்தார். மறுநாள், ஆணி அடிக்குமுன் கடைசியாக ஒருமுறை பார்க்கப் பிரித்தார். பஞ்சு ஒட்டியிருந்தது. இழுத்தார். இலை பஞ்சோடு வந்துவிட்டது. கல்லில் நடுநரம்பின் மங்கிய தடம் மட்டும்.

"இன்னொண்ணு தேடலாம் அத்தான்."

"எங்க மாப்ள? தார் போட்டுட்டான். லாரி ஓடுது."

மின்விசிறியை நிறுத்திவிட்டு, இடுக்கியால் கறுப்புத் துணுக்குகளைப் பஞ்சிலிருந்து பிரித்து வெள்ளைத் தாளில் வைத்தார். நான் பழக்கத்தில் எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் எதற்கென்று தெரியவில்லை. சாயங்காலம் இடுக்கியைக் கீழே வைத்தார்.

"விசிறியப் போடு. வேர்க்குது."

அக்காள் தாளைப் பார்த்தாள். "பறந்துடுமேங்க."

"பரவால்ல, போடு."

அவள் அசையவில்லை. அத்தானே எழுந்துபோய்ப் போட்டார்.