மலைக்கு மேல் ஏறிய வெள்ளி

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் யார் வீட்டிலும் கடிகாரம் இல்லை. துரை பங்களாவில் இருந்தது, தொழிற்சாலையில் இருந்தது. கூலிகளை எழுப்பத் தப்புப் பறைச் சத்தம் போதும் என்று விட்டுவிட்டார்கள். தப்படிக்குமுன் எழும்ப வேண்டிய பெண்கள் வாசலில் நின்று எதிர்மலையைப் பார்ப்பார்கள். விடிவெள்ளி மலைக்கு மேல் வந்திருந்தால் அடுப்பு மூட்டுவார்கள். என் மனைவி அதில் ஒருநாளும் பிசகியதில்லை.

பிரஜாவுரிமை விசாரணைக்குப் பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு வரும்படி எனக்கு அழைப்பு வந்தது. காலையில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லாவிட்டால் மனு தள்ளுபடி. நான் பிறந்ததே இந்த மலையில்தான். அதை நானே போய் நிரூபிக்க வேண்டுமாம். பசறையில் முதல் பஸ்ஸைப் பிடித்தால்தான் நேரத்துக்குப் போக முடியும்.

அதற்கு முன் பல வாரமாக மழை. வானமே தெரியவில்லை. விசாரணைக்கு முந்திய இரவுதான் வெளித்தது. மனைவி என்னை உலுக்கினாள்.

"எந்திரிங்க, வெள்ளி வந்திருச்சு."

நானும் பார்த்தேன். மலைக்கு மேல் சிமிட்டாமல் பளிச்சென்று நின்றது. இருவரும் புறப்பட்டோம். தேயிலைக்குள் குறுக்குப் பாதையில் பாதிகூடப் போகவில்லை, டார்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. இரவுக் காவல்காரன்.

"எங்கடா கொழுந்து மூட்டை?"

"மூட்டையும் இல்ல, மண்ணும் இல்ல. மொத பஸ்ஸுக்குப் போறோம்."

"மணி ஒண்ணுதான் ஆகுது, மொத பஸ்ஸா? திருட வர்றதுக்குப் பொண்டாட்டியும் தொணையாடா?"

"வெள்ளியப் பாத்துட்டுத்தாண்ணே வந்தோம்," என்றாள் மனைவி.

"அதக் காலையில கணக்கப்பிள்ளை ஐயாகிட்டச் சொல்லு."

தொழிற்சாலை வாசலில் உட்கார வைத்தான். அந்த வெள்ளி ஏறிக்கொண்டே இருந்தது. விடிவெள்ளி உச்சிக்கு வராது, அதற்குள் விடிந்துவிடும். இதுவோ உச்சியை நெருங்கியும் கிழக்கு கறுப்பாகவே கிடந்தது.

"இது வேறங்க," என்றாள்.

மழை மூடியிருந்த வாரங்களில் விடிவெள்ளி கிழக்கை விட்டே போயிருந்தது. இது வியாழன் கிரகம் என்று பிறகு பள்ளிக்கூட வாத்தியார் சொன்னார்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் சேர்ந்த பிறகுதான் கணக்கப்பிள்ளை வந்தார். எங்கள் வெறுங்கையைப் பார்த்து, "சரி, போ" என்றார். அவ்வளவுதான். பஸ் போய்விட்டிருந்தது. கச்சேரியில் யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் தலை நிமிராமல் சொன்னார்:

"உம்மட பேரைக் காலமையே கூப்பிட்டாச்சு. நீர் வரேல்லை."

காவல்காரன் பிடித்துவைத்ததைச் சொன்னேன். வெள்ளியைச் சொன்னேன்.

"நட்சத்திரம் பாத்தோ விசாரணைக்கு வாறனீர்?" என்று சிரித்தார்.

மனு தள்ளுபடி. லயத்தில் என் மனைவியைத்தான் குறை சொன்னார்கள். சொன்னவர்களை நான் ஏசினேன். நூறு வருஷம் வேலை வாங்கியவனும் நாடில்லை என்றவனும் நல்லவர்கள், வானத்தைப் பார்த்தவள் குற்றவாளியா?

மறுநாள் விடியுமுன் அவள் மறுபடியும் வாசலில் நின்றாள்.

"இன்னும் என்ன பார்வை? உள்ள வா!" என்று கத்தினேன்.

அவள் திரும்பவில்லை. "பெரட்டுக்குப் போவணுமில்ல," என்றாள்.