கோட்டைத் தொட்டுக் கும்பிடுகிற கேப்டன்

லோகேஸ்வரன் பெஞ்சில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆள் மாற்றத்தில் வெளியே வந்தாலும் ஓரமாக நடந்துகொண்டே இருப்பார். சத்தியவேட்டுக்காரர். ஸ்ரீசிட்டியில் செல்போன் பாகங்கள் பூட்டும் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலை. ஐந்து ஐந்து பேராக உள்ளரங்கில் ஆடும் கால்பந்தான ஃபுட்சாலில், எங்கள் திருப்பதி அணிக்குக் கேப்டன்.

நான் குணா. அணி மேனேஜர் என்று பெயர். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவன் நான்தான். வேலை தேடிக்கொண்டிருந்தபோது, லீகிலிருந்து வரும் ஆங்கிலக் கடிதங்களுக்குப் பதில் எழுத என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இதையும் வேலை என்று சொல்லிக்கொள்ளலாமா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

நாட்டின் முதல் டிவிஷனில் பத்து அணிகள். ஒவ்வொரு சுற்றுக்கும் எல்லோரும் ஏதாவது ஓர் ஊரில் கூடி, அங்கேயே தங்கி ஆட வேண்டும். அடுத்த சுற்று வேறு ஊர். லோகேஸ்வரனுக்கு ஒவ்வொரு ஊரும் சம்பளம் இல்லாத விடுப்பு. “உனக்கு பந்து வேணுமா, வேல வேணுமா?” என்று சூப்பர்வைசர் கேட்கத் தொடங்கியிருந்தார்.

அடுத்த சீசனிலிருந்து முதல் டிவிஷன் அணிகள் ஆட்டக்காரர்களுக்கு மாதச் சம்பளத்தில் ஒப்பந்தம் போட்டே ஆக வேண்டும் என்று லீக் அறிவித்தது. இரண்டாம் டிவிஷனுக்கு அந்த விதி இல்லை.

“அப்போ மேலயே நின்னுகினா போதும். கம்பெனிக்கு டாட்டா சொல்லிடுவேன்” என்றார் லோகேஸ்வரன்.

மேலே நிற்பதுதான் கஷ்டமாக இருந்தது. பத்தாவது அணி நேராகக் கீழே போகும். ஒன்பதாவது அணி, இரண்டாம் டிவிஷனில் இரண்டாவதாக வந்த அணியோடு ஒரே ஓர் ஆட்டம் ஆடி இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். கடைசிச் சுற்று திருப்பதியில் நடந்தது. கடைசி ஆட்டத்தை டிரா செய்தாலே எட்டாவது இடம் எங்களுக்கு.

இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. முதல் பாதியில் நடுவரோடு வாதாடி லோகேஸ்வரன் ஒரு மஞ்சள் அட்டை வாங்கியிருந்தார். ஃபுட்சாலில் ஆட்டம் ஓடும்போதே ஆள் மாற்றலாம். ஆனால் வெளியே வருகிறவர் கோட்டைத் தாண்டிய பிறகுதான் புதியவர் கால் வைக்க வேண்டும். உள்ளே ஆடிக்கொண்டிருந்த எங்கள் ஹேமநாத் காலைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வந்தான். அவனுக்குப் பதில் இறங்க வேண்டிய லோகேஸ்வரன் வழக்கம்போலக் குனிந்தார். கோட்டுக்கு உள்ளே தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் எந்த மைதானத்திலும் அவர் இறங்கியதில்லை. பந்து எங்கள் கோலை நோக்கி வந்துகொண்டிருந்தது. தொட்ட வேகத்தில் காலும் உள்ளே போய்விட்டது. ஹேமநாத் இன்னும் கோட்டைத் தாண்டவில்லை.

விசில். இரண்டாவது மஞ்சள். சிவப்பு.

“சார், சாமி கும்புட்டேன் சார்!” என்று அவர் தமிழில் கத்தினார். வடநாட்டு நடுவருக்கு என்ன புரியும்? ஓர் ஆள் குறைவாக நின்ற நேரத்தில் மூன்றாவது கோல் விழுந்தது. ஒன்பதாவது இடம். சிவப்பு அட்டைக்குத் தண்டனை, அந்த ஒற்றை ஆட்டத்தில் அவர் இல்லை. பெஞ்சிலும் உட்காரக் கூடாது.

“கேலரில குந்திகினு இன்னா பண்றது? பைத்தியம் புடிச்சிடும்” என்று ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். உள்ளே போன் கொண்டுபோக முடியாது.

திருப்பதியிலேயே நடந்த அந்த ஆட்டத்தில் நாங்கள் ஜெயித்தோம். ஹேமநாத் கட்டுப்போட்ட காலோடு இரண்டு கோல் போட்டான். மற்றவர்கள் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருக்க, நான் பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீசிட்டிக்குப் போனேன். ஷிஃப்ட் முடிந்து கூட்டத்தோடு வந்தவர், என் முகத்தைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

“ஜெயிச்சிட்டோம்ணா!”

என்னை இடுப்போடு தூக்கிச் சுற்றினார். இறக்கிவிட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

“நான் இல்லாமயே ஜெயிச்சிட்டீங்களாடா?”

அவரே தொடர்ந்தார்.

“அப்போ என் பேர அக்ரிமெண்ட்ல போடுவாங்களா? வயசு முப்பத்திரண்டு ஆவுது.”

“போடுவாங்கணா.”

“இத சிட்டிபாபு சொன்னாரா, நீயே சொல்றியா?”

சிட்டிபாபு எங்கள் அணியின் முதலாளி. பங்காருபாளையத்தில் மாம்பழக்கூழ் ஆலை வைத்திருக்கிறார். நான்தான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டேன். ஆறுதலுக்காகத் தெரியாததைச் சொல்வது எனக்கு எப்போது பழகியது?

“போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

சிட்டிபாபு மூச்சே விடாமல் பேசினார். வெற்றியைப் பற்றி, ஹேமநாத்தைப் பற்றி. கடைசியில் லோகேஸ்வரனே குறுக்கே புகுந்து கேட்டார். மறுமுனை யோசித்தது.

“ஒக்க சம்வத்சரமே, லோகேஷ்.” ஒரே ஒரு வருஷம். “அப்புறம் எப்டி ஆடுறன்னு பாக்கலாம்.”

“சரி சார்.”

நான் போனை வைப்பதற்குள் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைக் கழற்றிவிட்டார்.

“ஒரு வருஷந்தாண்ணா. நல்லா யோசிங்க. அதுக்கப்புறம்?”

“நீ படிச்சவன், நீ யோசி. எனக்கு ஒரு வருஷம் வேல இருக்குது.”

கேட்டை நோக்கித் திரும்ப நடந்தார். எதிரே வந்த கூட்டம் விலகி வழி விட்டது. காவலாளி கையை நீட்டி மறித்தார்.

“ஷிஃப்ட்டு முடிஞ்சிச்சே, உள்ள எங்க போற?”

“கணக்கு முடிச்சிக்கப் போறேன், தள்ளு.”