அனுமதி வரும்வரை என் வேலை

அடுத்தவருக்காக மனு எழுதுகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு: மனு பலித்துவிட்டால் நம்மை யாரும் தேடமாட்டார்கள். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். மகள் தூங்கிவிட்டாள், பேச வேறு ஆள் இல்லாததால் உங்களிடம் சொல்கிறேன்.

சேர்ந்த அன்று

தி.நகரில் ஆலை முதலாளிகளின் சங்கம் ஒன்று. தனியார் மின்சாரம் தயாரிக்கலாம் என்று ஆகிவிட்டது. ஆனால் அதை ஆலைகள் நேராக வாங்க முடியாது, மின்வாரியத்திடம்தான் வாங்கவேண்டும். ‘எங்களுக்கு அந்தச் சந்தையைத் திறந்துவிடுங்கள்’ என்று அரசாங்கத்துக்கு ஆங்கிலத்தில் எழுத ஆள் தேடினார்கள். கப்பல் வேலைக்குப் போன கணவரிடமிருந்து கடிதமும் நின்று, பணமும் நின்றிருந்த நேரம். கான்வென்ட் ஆங்கிலம் கைகொடுத்தது.

சங்கத் தலைவர் ஒரு நூற்பாலைக்காரர், நல்ல மனிதர். முதல் நாளே சொல்லிவிட்டார்: “அனுமதி கெடைக்கிற வரைக்கும்தாம்மா வேலை. கெடைச்சிட்டா ஒனக்கும் நிம்மதி, எங்களுக்கும் நிம்மதி.”

பொன்னாடை

அதிகாரியைப் பார்க்கப் போகுமுன் பாண்டி பஜாரில் பொன்னாடை வாங்குவது என் பொறுப்பு. அதைப் போர்த்தி, எலுமிச்சம்பழம் கொடுத்து, வாரக்கணக்கில் விளக்குவோம். அவருக்கு விஷயம் பிடிபடுகிற சமயத்தில் மாற்றல் வந்துவிடும். மறுபடி புது அதிகாரி, புதுப் பொன்னாடை, முதல் பக்கத்திலிருந்து விளக்கம். தலைவர் தலையில் கைவைத்துக்கொள்வார். எனக்கு மட்டும் மூச்சு சீராகும்.

கடைக்காரர் ஒருநாள் மடித்துக்கொண்டே கேட்டார்: “இன்னாம்மா, உங்க ஆபீஸ்ல மாசம் ஒருத்தரு ரிட்டையர் ஆய்க்கினே கீறாரா?”

அடையாறு மண்டபம்

மின்வெட்டின் கொடுமையை அதிகாரி நேரிலேயே பார்க்கட்டும் என்று தலைவருக்கு ஒரு யோசனை. மதியமானால் தவறாமல் கரன்ட் போகும் தெருவாகத் தேடி, அடையாற்றில் ஒரு மண்டபம் பிடித்தோம். ஜெனரேட்டர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொன்னோம். இருட்டில் பேசவேண்டிய உருக்கமான பகுதியை நான்தான் எழுதியிருந்தேன்.

பெரிய அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததுமே அந்த வட்டாரத்து லைன்மேன்கள் காலையிலிருந்து கம்பத்தடியிலேயே நின்றுவிட்டார்கள். ஒரு டியூப்லைட்கூடச் சிமிட்டவில்லை. தலைவர் சுற்றும் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடியே உருக்கமான பகுதியைப் படித்து முடித்தார். அதிகாரி பாதாம்பாலைக் குடித்துவிட்டு எழுந்தார்: “காத்து நல்லா வருது. வேற ஏதாவது குறை இருக்கா?”

கீழ்வீடு

அபிராமபுரத்தில் எங்கள் கீழ்வீட்டு மாமிதான் பகலில் மகளைப் பார்த்துக்கொள்கிறார். மண்டபத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்தேன், அழுதிருப்பாளோ என்று. மாமி ஆறுதலாகத்தான் சொன்னார்: “சமத்தா இருந்தாடி. ஒரு தடவகூட ஒன்னக் கேக்கலியே.”

லேத்துக்காரர்

கோடம்பாக்கத்தில் சின்ன லேத்துப் பட்டறை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் மனுவில் கையெழுத்துப் போட வந்தார். அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். பெரிய ஆலைகள் வாரியத்தைவிட்டு விலகி மலிவாக வாங்கும் என்றேன். அப்படியானால் வாரியத்தின் செலவெல்லாம் யார் தலையில் விழும் என்று கேட்டார். மனுவில் அதற்குப் பதில் இல்லை, நான் எழுதவில்லை. பேனாவை மூடி என் மேஜைமேல் வைத்தார்.

“போறவனுக்கு வழி கீதும்மா. உட்டுட்டுப் போனா, இருக்கறவன் இன்னா பண்ணுவான்?”

எனக்குக் கப்பல் ஞாபகம் வந்தது.

டெலிபோன்

போன வாரம் அரசாங்கம் முடிவு சொல்லும் நாள். தலைவரும் மற்றவர்களும் பொன்னாடையோடு போய்விட்டார்கள். அனுமதிக்கு நன்றி சொல்லும் கடிதத்தை முன்கூட்டியே டைப் அடித்துவைத்துவிட்டு, டெலிபோனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். மகளுக்குப் பள்ளிக்கூடம் தேடவேண்டிய வருஷம் இது. அந்த நன்றிக் கடிதம் போனால் என் சம்பளமும் போகும். மணி அடித்ததும், கான்வென்ட்டில் சிஸ்டர் வகுப்புக்குள் வந்ததுபோல எழுந்து நின்றுவிட்டேன்.

தலைவரின் குரல் உடைந்திருந்தது: “ஆராய ஒரு கமிட்டி போட்டுட்டாங்கம்மா. நீ மொதல்லேருந்து எழுத ஆரம்பி.”

ஊருக்கெல்லாம் தடையில்லாத மின்சாரம் கேட்டு எழுதுகிறேன். அந்தத் தடை இருக்கும்வரைதான் என் வீட்டில் விளக்கெரியும்.