முன்னறையில் ஒரு ரகசியத் துறை

வாரத்தில் ஆறு நாள் நான் செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து, ஊராருக்கு வருமானச் சான்றுக்கும் பட்டா மாற்றத்துக்கும் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கிறவன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும், பேய் பிசாசுகளிடமிருந்து உலகைக் காப்பாற்றும் ரகசியத் துறைக்குத் தலைவன். தலைமை அலுவலகம் என் வீட்டு முன்னறை. ஆள்பலம் இரண்டு பேர்.

விளையாட்டுதான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாயாலேயே ஆடுவது. நான் கதையை நடத்துவேன். மற்றவர்கள் ரகசிய ஏஜென்ட்டுகளாக மாறி, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை முடிவு செய்யும். இணையத்தில் கிடைத்த விதிப்புத்தகத்தை சென்டரிலேயே பிரிண்ட் எடுத்து, ஸ்பைரல் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

ரகசியம் நம் ஊருக்கு ஒத்துவராது என்பது முதல் வாரமே தெரிந்துபோனது. சிங்கவரத்து நண்பன் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். அவனுடைய ஏஜென்ட் டீக்கடைக்குப் போனான். டீ மாஸ்டராக நான், "எந்த ஊரு தம்பி?" என்று கேட்டேன்.

"சிங்கவரம். ரகசிய போலீஸ்ல இருக்கேன். கோட்டையில பேய் இருக்குதாம், புடிக்க வந்தேன்."

"டேய், அத ஏண்டா சொல்ற?"

"கேட்டா சொல்லாம இன்னா பண்றது? திருதிருன்னு முழிச்சா, ஆடு திருட வந்தவன்னு கட்டி வெச்சிடுவாங்க."

தொண்டூர் நண்பர் வேறு மாதிரி. என்னைவிட மூத்தவர், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை வியாபாரம், பரம்பரைச் சமணக் குடும்பம். அவருடைய ஏஜென்ட் துப்பாக்கியைத் தொடவே மாட்டார். "பேயா இருந்தா இன்னா, அதுவும் ஒரு உசுருதான" என்பார். "செத்ததுக்கு அப்புறம்தான்ணா அது பேயி" என்று நான் எடுத்துச் சொன்னதெல்லாம் எடுபடவில்லை. போதாததற்கு, பொழுது சாய்ந்தால் அவர் சாப்பிட மாட்டார். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போயாக வேண்டும். அதனால் எங்கள் பேய்கள் எல்லாமே பகல் ஷிப்டு. தெருவில் கீரைக்காரம்மா கூவிக்கொண்டு போக, நான் குரலைத் தாழ்த்தி, "ஒரே கும்மிருட்டு..." என்பேன். ஜன்னல் வெயில் கண்ணைக் கூசும். ஒரு தடவை குரங்கு ஜன்னலில் கைவிட்டுப் பகடையை எடுத்துக்கொண்டு போனது. எங்கள் துறை நேரில் சந்தித்த ஒரே எதிரி அதுதான். அதனிடமும் தோற்றோம்.

இந்தத் துறைக்குத்தான் ஆபத்து வந்தது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஞாயிறு மதியம் ட்யூஷன் ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னாள்.

"அடுத்த வாரத்தோட உங்க ஆபீஸ மூடிடுங்க. இருக்கறது இந்த ஒரு ரூம்தான்."

நியாயம்தான். சரி என்று தலையாட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போய் நின்றேன். நாற்பது வயதில் இதற்குப் போய் அழுகை வருமா? வந்தது. அந்த ஒரு மதியமும் போய்விட்டால், வாரம் முழுக்க அடுத்தவர் பெயரை டைப் அடிப்பது மட்டும்தான் எனக்கு மிச்சம்.

கடைசி ஆட்டமாவது பயங்கரமாக இருக்கட்டும் என்று கோட்டைக் களஞ்சியத்தில் ஒரு பெண் பேயைக் குடிவைத்தேன். குண்டு துளைக்காது, மந்திரம் பலிக்காது. அதை அழிக்கும் வழியைத் துப்புத் துப்பாகப் பிரித்து, அட்டைகளில் எழுதி அடுக்கினேன். அன்றைக்குப் பார்த்து சிங்கவரத்தான் அக்கா பிள்ளையின் காதுகுத்துக்குப் போய்விட்டான். ஒரே ஏஜென்ட்டை வைத்துக்கொண்டு ஆட முடியாது. தொண்டூர் நண்பர் உள்ளே எட்டிப் பார்த்து, "நீதான் வாயேம்மா" என்றார்.

என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். "சீக்கிரம் முடிச்சிடுவீங்க இல்ல?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். "களஞ்சியத்துக் கதவு தானா தெறக்குது. தலைய விரிச்சிப் போட்டுட்டு ஒருத்தி நிக்கறா. ஏஜென்ட், நீ இன்னா பண்ற?"

"யாரு வீட்டுப் பொண்ணும்மா நீ, சாப்டியான்னு கேக்கறேன்" என்றாள் என் மனைவி.

அட்டைகள் மேசையில் அப்படியே கிடந்தன. "அப்படில்லாம் கேக்கக் கூடாது, அது பேய்" என்றேன்.

"பேய் ஓட்டறவங்களே மொதல்ல உனக்கு இன்னா வேணும்னுதான கேக்கறாங்க?"

"கரெக்டு" என்றார் தொண்டூர் நண்பர், என்னைப் பார்க்காமல்.

அவள் பகடையை உருட்டினாள். பெரிய எண்ணாக விழுந்தது. விதிப்புத்தகமும் அவள் கட்சிக்குப் போய்விட்டது. பேய் பதில் சொல்லியே ஆக வேண்டும். அந்தப் பேயை எப்படி ஒழிப்பது என்று ராப்பகலாக யோசித்திருந்தேனே தவிர, அதற்கு என்ன வேண்டும் என்று யோசித்ததே இல்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"எனக்கு ஒண்ணும் வேணாம். ரொம்ப நாளா இங்கதான் இருக்கேன். இப்ப காலி பண்ணச் சொல்லிட்டாங்க. போறதுக்கு வேற எடம் இல்ல."

சொன்ன பிறகுதான் உறைத்தது. பேய்க் குரலில் ஆரம்பித்தவன், என் சொந்தக் குரலில் முடித்திருந்தேன். வெட்கத்தில் முகம் சுட்டது. தொண்டூர் நண்பர் ஜன்னல் பக்கம் திரும்பி, வெயில் இறங்கிவிட்டதா என்று பார்த்தார்.

என் மனைவி சிரிக்கவில்லை. பகடையை எடுத்து என் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"அவள எங்க வீட்டுக்கே கூப்டுறேன்" என்றாள். "முன் ரூம்ல இருக்கட்டும். ட்யூஷன சனிக்கெழம வெச்சிக்கறேன்."

பேய் உடனே சம்மதித்தது. பகடை உருட்டச் சொல்லி நான் கேட்கவே இல்லை.