உச்சிவெயிலில் ஒற்றைக் குரல்

காய்ந்த மல்லாட்டையின் மூக்கைக் கட்டைவிரலால் அழுத்தினால் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரும், கூடவே செம்மண் தூசு கிளம்பி மூக்கில் ஏறும், மற்றவர்கள் நிலக்கடலை என்றோ வேர்க்கடலை என்றோ சொல்லிக்கொள்ளட்டும், திண்டிவனத்தில் பிறந்த எனக்கு அது மல்லாட்டைதான், என் சிறுவயதுக் கோடைக்கு அந்த ஒரு சத்தம்தான். மெஷினில் உடைத்தால் பருப்பு பிளந்துபோகும், பிளந்த பருப்பு முளைக்காது என்பதால், விதைக்கு வேண்டியதை மட்டும் மூட்டை மூட்டையாக வீடுகளுக்குக் கொடுத்துக் கையால் உடைத்து வாங்குவார்கள். அப்பா லாரி ஓட்டியவர். வீட்டில் இருக்கிற நாளைவிட ரோட்டில் இருக்கிற நாள்தான் அதிகம். மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த அந்த ஓட்டு வீட்டில் அம்மாவும் நானும் தம்பி முரளியும் அந்த ‘டொக் டொக்’கும்தான்.

இரண்டு பிள்ளைகளை ஒண்டியாக வளர்ப்பது லேசான காரியமா? எனக்கு இருப்பது ஒன்றே ஒன்று, அதற்கே நாக்கு தள்ளுகிறது. அம்மாவோ ஒரு கையால் கேப்பைக் கூழைக் கரைத்துக்கொண்டே மறு கையால் தம்பிக்கு மூக்கைச் சிந்திவிடுவாள், எனக்குப் பேன் பார்த்துக்கொண்டே அவனுக்குச் சோறூட்டுவாள், பொழுது சாய்ந்தால் உப்பும் மிளகாயும் எடுத்து எங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துச் சுற்றி அடுப்பில் போடுவாள். மூன்று வயதாகியும் தம்பிக்குத் தூளியில் போட்டால்தான் தூக்கம் வரும். உத்திரத்திலிருந்து பழைய புடவையில் தொங்கிய அந்தத் தூளியில் ஒரு கயிற்றைக் கட்டி, அதன் மறுநுனியைத் தன் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு, கை மல்லாட்டை உடைக்க, கால் பிள்ளையை ஆட்ட, மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருப்பாள்.

அவளிடம் ஒரு சட்டம் இருந்தது. அதற்கு அவள் வைத்த பேர் ‘ஒத்தக் கொரலு’. உச்சிப் பொழுதில் வாசலிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதல் குரலுக்குப் பதில் கொடுக்கக் கூடாது. மனுஷராக இருந்தால் மூன்று தரம் கூப்பிடுவார்கள். மற்றதற்கு ஒரு தரத்துக்கு மேல் வாய் வராது. அந்த ஒரு தரத்துக்கு நாம் ‘ஆங்’ என்றுவிட்டால் போதும், வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்துவிடும். அதனால் அவளும் எங்களை மூன்று தரம்தான் கூப்பிடுவாள். “சுமதீ, சுமதீ, சுமதீ!” மூன்றாவதற்குத்தான் நான் வாய் திறக்க வேண்டும், அவசரப்பட்டு முதலாவதற்கே திறந்தால் மண்டையில் ஒரு குட்டு விழும். எதிர்வீட்டு மும்தாஜ் அக்கா தலையில் அடித்துக்கொள்வார். “இன்னாடி, மணி அடிக்கற மாதிரி மூணு மூணு வாட்டி கத்தற? உன்னாண்ட பெரிய பேஜாரா இருக்குதுடி!”

அக்காவுக்குச் சிரிப்பு, அம்மாவுக்கு அது உயிர்ப் பயம். எனக்கு முன்னால் ஒருத்தி இருந்தாள். நான் பிறப்பதற்கு முன்பே மூன்று வயதில் போய்விட்டாள். வீட்டில் படம் கிடையாது, பேரைச் சொல்ல மாட்டார்கள், ‘பெரியவ’ என்பதோடு சரி. ஒரு பங்குனி மத்தியானம் வாசலில் யாரோ ஒரே ஒரு தரம் கூப்பிட, அம்மா ‘யாரு’ என்று குரல் கொடுத்தபடி எழுந்து போய்ப் பார்த்திருக்கிறாள். தெருவில் ஈ காக்கை இல்லை. திரும்பி வந்தால், சொப்பு வைத்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை சுருண்டு படுத்திருக்கிறது, உடம்பு அனலாகக் கொதிக்கிறது. மறுநாள் ஜன்னி கண்டது, அதற்கு மறுநாள் எல்லாம் முடிந்தது. “நான் வாயத் தொறந்தேன், அது உள்ள வந்துடுச்சு” என்று அம்மா அழாமல் சொல்வாள். மூளைக்காய்ச்சலாக இருந்திருக்கும் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது. அன்று அவள் சொன்னதை ஒரு சொல்கூட விடாமல் நம்பினேன்.

நம்பாமல் எப்படி? அந்தக் குரல் நிஜமாகவே வருமே! தெரு முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும் நேரத்தில், எப்போதாவது ஒருநாள், எங்கள் வாசலில் “அம்மா” என்று கேட்கும். சின்னப் பிள்ளையின் குரல். அம்மாவின் கை அப்படியே நிற்கும், கால் மட்டும் தூளியை ஆட்டிக்கொண்டிருக்கும். செம்மண் ஒட்டிய உள்ளங்கையால் என் வாயைப் பொத்துவாள். இரண்டாம் குரலுக்குக் காத்திருப்போம், அது வராது. கொஞ்ச நேரம் கழித்து, “போய்டுச்சு, நீ ஒடை” என்பாள். பக்கத்துத் தெருப் பிள்ளையாக இருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் எனக்கே சொல்லிப் பார்க்கிறேன். ஒருதரம் கதவிடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தேன். வாசலில் வெயில்தான் இருந்தது.

எனக்கு ஏழு வயதான அந்தக் கோடையில் ஊரெங்கும் தண்ணீருக்குத் திண்டாட்டம். குழாயில் தண்ணீர் மேலே ஏறாது என்பதால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆழமாகப் பள்ளம் தோண்டி, பூமிக்கடியிலேயே குழாயைத் திறந்து குடம் வைத்துப் பிடிப்பார்கள். ஒழுகுகிற தண்ணீர் பள்ளத்தில் தேங்கும். பிடித்து முடித்ததும் மேலே ஒரு தகரத்தை இழுத்து மூடிவிடுவோம். அன்று அந்தத் தகரம் எப்படி விலகியிருந்தது என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அன்று மத்தியானம் அம்மா தம்பியைத் தூளியில் போட்டுவிட்டுக் கொல்லையில் காய்ந்த துணியை எடுக்கப் போனாள். நான் மல்லாட்டைத் தோலைக் கூடையில் அள்ளிக்கொண்டு அவள் பின்னாலேயே போனேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவன் இறங்கி, ஒருக்களித்திருந்த தெருக்கதவு வழியாக வெளியே போயிருக்கிறான். நாங்கள் திரும்பி வந்தோம், அம்மா கயிற்றை விரலில் மாட்டிக்கொண்டாள், ஆட்டத் தொடங்கினாள். தலையணையும் கனத்த போர்வையும் உள்ளே சுருண்டு கிடந்ததால் தூளி தொய்ந்து, பிள்ளை படுத்திருக்கிற மாதிரியே கனமாக ஆடியது. காலித் தூளியை ஆட்டக் கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று தெருவுக்கெல்லாம் சொல்கிறவள், தெரியாமல் காலித் தூளியை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

“அம்மா!”

குரல் வாசலில் கேட்டது. மற்ற நாட்களைவிடக் கிட்டத்தில், கதவுக்கு அந்தப்பக்கம் நின்று கூப்பிடுவது போல. அம்மாவின் கை நின்றது.

“தம்பி கொரலு மாதிரி இருக்குதும்மா” என்று அவள் காதில் கிசுகிசுத்தேன்.

“தம்பி தூளியில தூங்கறான் இல்ல? நம்மள ஏமாத்தத்தான் அவன் கொரல்ல கூப்புடுது. வாயத் தொறக்காத.”

காத்திருந்தோம். இரண்டாம் குரல் வரவில்லை. “போய்டுச்சு” என்றாள். மறுபடி ‘டொக் டொக்’ தொடங்கியது. ஒரு கைப்பிடி மல்லாட்டை உடைத்திருப்பாள். பாதியில் அவள் முகம் மாறியது. எதனால் என்று அவளுக்கே கடைசிவரை சொல்லத் தெரியவில்லை. “சுமதி, தூளியத் தொட்டுப் பாரு” என்றாள், மெல்ல. நான் எழுந்து போய்ப் புடவையை அழுத்தினேன். மெத்தென்று பஞ்சு. விலக்கிப் பார்த்தேன்.

“அம்மா, தம்பி இல்ல!”

விரலில் மாட்டிய கயிற்றோடு அவள் ஓடினாள். கயிறு சுண்டி இழுத்து வாசற்படியில் குப்புற விழுந்தாள், நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது, அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பள்ளத்துக்குள் தம்பி மோவாய்வரை தண்ணீரில், இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். அழவில்லை. உதடு நீலமாக இருந்தது. கண்ணை இமைக்காமல் பள்ளத்தின் விளிம்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா உள்ளே குதித்துத் தூக்கித் தர, சத்தம் கேட்டு ஓடிவந்த மும்தாஜ் அக்கா வாங்கிக் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தார். “ஜல்தி, துணி கொண்டாடி, ஜல்தி!” என்று என்னை விரட்டினார். தண்ணீரைக் கக்கிவிட்டு வீலென்று அவன் அழுத பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

வெயில் தாழ்ந்ததும் அவனை மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டே அம்மா கேட்டாள். மும்தாஜ் அக்காவும் பக்கத்தில் இருந்தார்.

“ஏண்டா கண்ணு, ஒரு வாட்டியோட நிறுத்திட்ட? இன்னும் ரெண்டு வாட்டி கூப்பிட்டிருந்தா அம்மா அப்பவே ஓடியாந்திருப்பேனே.”

“நான் கூப்புடல” என்றான் தம்பி. “பாப்பா கூப்புட்டுச்சு.”

“எந்தப் பாப்பாடா?”

“மேல நின்னுக்கினு இருந்துச்சே, அந்தப் பாப்பா. அதுதான் அம்மான்னுச்சு.”

“யா அல்லா” என்று மும்தாஜ் அக்கா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அந்த வெயிலில் தெருவில் எந்தப் பிள்ளையும் வெளியே இல்லை என்பது அவருக்குத் தெரியும். பெரியவள் என்று ஒருத்தி இருந்ததைத் தம்பிக்கு யாரும் சொன்னதில்லை. பயந்துபோன பிள்ளை எதையோ உளறியது என்று எடுத்துக்கொள்ளலாம்; அப்பா அப்படித்தான் எடுத்துக்கொண்டார். அம்மா மட்டும் பால் டம்ளரைக் கீழே வைத்தாள். வைத்துவிட்டு, சுவரில் தலையை முட்டிக்கொண்டு, பெரியவள் செத்தபோதுகூட அழாத அழுகையை அன்று அழுதாள்.

“என் பெரியவளே! இத்தினி வருஷமா வாசல்ல வெயில்ல நின்னுக்கினு கூப்புட்டியேடி! பேயின்னு நெனச்சிக்கினு நான் வாயப் பொத்திக்கினு ஒக்காந்திருந்தனேடி!”

அன்றோடு சட்டம் தலைகீழானது. எந்தக் குரல் கேட்டாலும், முதல் தரத்துக்கே, “தோ வர்றேன்டி!” என்று எழுந்து ஓடுவாள். நகம் போன அந்தக் காலை விந்தி விந்திதான் ஓடுவாள். அந்த நகம் கடைசிவரை கோணலாகவே வளர்ந்தது. ஐஸ்காரனுக்கும் ‘வர்றேன்டி’தான், பிளாஸ்டிக் குடம் விற்கிறவனுக்கும் ‘வர்றேன்டி’தான். “ஆட்டுக்குட்டி கத்தினாக்கூட ஓடறியே, உனக்கு இன்னா ஆச்சு?” என்று அப்பா ஒருநாள் சிரித்தார்.

“ஆடா இருந்தா இருக்கட்டும். எம்பொண்ணா இருந்துட்டா?” என்றாள் அம்மா. அப்பா அதற்குப் பிறகு சிரித்ததில்லை.

மத்தியானம் ஆனால் வாசற்படியில் ஒரு டம்ளர் மோர் வைப்பாள். சாயங்காலம் அதை எடுத்துக் கொட்டுவது என் வேலை. வெயிலில் கொஞ்சம் வற்றியிருக்கும், அவ்வளவுதான். ஆனாலும் எடுப்பதற்கு முன் தெருவை ஒருதரம் பார்த்துக்கொள்வேன்.

எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் காலமான பிறகு, அம்மாவை விழுப்புரத்துக்கு என்னோடு அழைத்து வந்தேன். ரயில் சத்தம் ஓயாத தெரு. வந்த புதிதில் அவளுக்குச் சோறே இறங்கவில்லை. “அவகிட்ட சொல்லாம வந்துட்டோமேடி, அங்க பூட்டின கதவாண்ட நின்னுக்கினு இருப்பாளே” என்று புலம்பினாள். ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் கூட்ஸ் வண்டி போய் ஓய்ந்ததும் அது கேட்டது, எனக்கும்தான் கேட்டது. “தோ வர்றேன்டி!” என்று வாசல் கேட்டுக்கு ஓடியவள், திரும்பி வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. “வழி கேட்டுக்கினு வந்துட்டாடி!” அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள். எனக்குத்தான் ஒரு கவளம் இறங்கவில்லை.

போன தை மாதம் அம்மா போய்விட்டாள். அழுது ஓய்ந்தபோது எங்களுக்கு இருந்தது ஒரே ஒரு ஆறுதல். இனி பெரியவளை அம்மா தூக்கிக்கொள்வாள், அவள் யார் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை என்று முரளியும் நானும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். அவன் சென்னையிலிருந்து போன் செய்யும்போதெல்லாம், “மத்தியானத்துல ஏதாவது கேக்குதாக்கா?” என்பான். “ஒண்ணும் இல்லடா” என்பேன். அப்பாடா என்பான்.

திண்டிவனத்து வீட்டு வாசலில் இப்போது பள்ளமும் இல்லை, தகரமும் இல்லை, சிமென்ட் போட்டுவிட்டார்கள். என் மகள் தூங்குவது கடையில் வாங்கிய ஸ்பிரிங் தொட்டிலில். காலில் கயிறு கட்டி ஆட்டுகிற வேலையும் இல்லை. வருகிறவர்கள் பெல்லை அழுத்துகிறார்கள், இல்லையென்றால் தெருமுனையிலிருந்தே போன் பண்ணுகிறார்கள். வாசலில் நின்று ஒருவரை வாய்விட்டுக் கூப்பிடுவது என்பதே போய்விட்டது. அதனால், இந்தச் சித்திரையில் ஒரு மத்தியானம், அது கேட்டபோது வேறு எதுவென்றும் என்னால் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

“அம்மா!”

முதலில் தொட்டிலுக்குள் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். என் மகள் கழுத்தெல்லாம் வியர்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய்க் கேட்டைத் திறந்தேன். தெருவில் வெயில்தான் இருந்தது. கூப்பிட்டது என்னை அல்லவே.

“அம்மா இங்க இல்லக்கா” என்றேன் அந்த வெயிலைப் பார்த்து. “உன்னாண்டதான் போச்சுன்னு நாங்க நெனச்சிக்கினு இருக்கோம். இன்னும் வந்து சேரலியா?”